வேலையத்த வயர்

எனக்குத் தெரியாத தொழிலே உலகத்தில் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு இருபத்தோரு வயது. எந்தத் தொழிலையும் மூன்று மாதம் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதி வந்துவிடும், மீதியை வாயால் நிரப்பிக்கொள்ளலாம் என்பது என் கொள்கை. (கொள்கை என்ற சொல்லையே ஏதோ ஒரு மேடைப் பேச்சில் கேட்டுப் பிடித்து வைத்திருந்தேன்.) அந்தக் கொள்கையால் நான் மட்டும் நாசமாகியிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. நாசமானது என் அக்காவின் ஒரு நாள். அவளுக்கு ஆயுசில் இரண்டே தடவை வரக்கூடிய நாள்.

எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் வருஷமும் உட்காரப் பள்ளிக்கூடம் ஒப்பவில்லை. ராசிபுரம் பக்கம் இருந்த எங்கள் காட்டை விட்டுக் கிளம்பி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஏறி ஆந்திரா போனேன். போர் போடும்போது குழாய் மாட்டிக் கழற்றுவது வேலை. கல்தூள் காதில் போய் அடைந்துகொள்ளும். படுப்பது லாரிக்கு அடியில். காய்ச்சல் கண்டதும் ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்து நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மரம் தூக்கினேன். பிறகு ஈரோட்டில், கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மூன்று மாதம். அங்கே எனக்குக் கொடுத்த வேலை, கருகிப்போன காயிலைத் தட்டி உருவிச் செம்பைச் சாக்கில் கட்டுவதும் டீ வாங்கி வருவதும். மூன்றாம் மாதக் கடைசியில் ஊருக்கு ஒரு கார்டு போட்டேன்: "நான் இங்கு எலக்ட்ரிக் மெக்கானிக்காக நலம்."

அந்தக் கார்டை அப்பா ஊர் முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். பாவம், அவருக்கும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

அண்ணன் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் சேர்ந்து நின்று செய்துகொள்ளும் சீர். கூடப்பிறந்தவளுக்கு அன்றைக்குப் புதுச் சேலை, நகை, மணப்பெண்ணுக்குச் சமமான மரியாதை. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவளுக்கு அண்ணன் ஒருவன், தம்பி நான் ஒருவன். ஆக ஆயுசில் இரண்டு இணைச்சீர். அதில் இரண்டாவது, என்னை நம்பி ஒருவன் பெண் கொடுத்தால்தான். எனவே ஒன்று என்றே அன்றைக்கு எல்லோரும் கணக்கு வைத்திருந்தார்கள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது மோகனூருக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டு வளவில். முந்தின நாள் அப்பா என்னை அனுப்பினார்.

"போயி அக்காவப் பஸ்ஸுல கூட்டிட்டு இன்னிக்கே வந்துரு. பஸ்ஸுல. காதுல உழுந்துச்சா?"

"உழுந்துச்சுங்கப்பா."

காதில்தான் விழுந்தது.

அங்கே போனால் என் மச்சான் காரின் முன்பக்க மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். மச்சானுக்குக் கரும்பும் வாழையுமாக எட்டு ஏக்கர் இருந்தது, கையில் எப்போதும் ஒரு பிரஷ் இருந்தது. ஒரு பொருளுக்கு மரியாதை செய்வது என்றால் அவருக்கு அதன்மேல் பச்சைப் பெயிண்ட் அடிப்பதுதான். கிணற்று மோட்டார் பச்சை, மோட்டார் ரூம் கதவு பச்சை, பொங்கலுக்கு மாட்டுக் கொம்பு பச்சை. இப்போது கார். வெள்ளைக்காரன் காலத்துச் சின்னக் கார் அது. சூரமங்கலத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கியது.

"கல்யாண மாப்பிள்ளகூடப் பொறந்தவ பஸ்ஸுல போயி எறங்கறதா? காருல போயி எறங்கோணும் மாப்ள. பெயிண்டு காயட்டும், காத்தால போலாம்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்பா என்ன சொல்லி உட்டாங்க?"

"காருல போனா என்னக்கா? ரெண்டு மணி நேரம்" என்றேன். எனக்கும் காரில் போய் இறங்க வேண்டும். ரிக்கில் வேலை செய்தவன் முன் சீட்டில் உட்கார்ந்து வருவதை ஊர் பார்க்க வேண்டும்.

காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் பட்டுச்சேலை, முழு நகை, மடியில் சீர்த்தட்டு என்று அக்கா. மச்சான் சாவியைத் திருப்பினார். அந்தக் காரில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பக்கம் இருந்து டக் டக் டக் என்று பல்லி சொல்வதைப் போல ஒரு சத்தம் வருமாம். அன்றைக்கு வரவில்லை.

"பாத்தியா மாப்ள, பெயிண்ட் அடிச்சதும் சத்தமே அடங்கிப் போச்சு" என்றார் மச்சான்.

"ஆமாங் மச்சான், பெயிண்டு உள்ளார போயி புடிச்சுக்குமுல்லங்க" என்று நான் விளக்கம் வேறு சொன்னேன்.

அந்தச் சத்தம்தான் பெட்ரோல் பம்பு. கரண்டில் ஓடுகிற பம்பு. அது ஓடவில்லை என்றால் கார்புரேட்டரில் முந்தின நாள் மிச்சம் நின்ற பெட்ரோல் தீரும்வரை வண்டி போகும், அப்புறம் நிற்கும். ஒரு மைல் போனது. இரண்டு பக்கமும் கரும்புக் காடு இருக்கிற வண்டித்தடத்தில் இருமிக்கொண்டு நின்றது.

மச்சான் மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் பச்சை. எது பம்பு, எது பேட்டரி என்று பிரிக்க முடியாதபடி பச்சை. நான் சட்டைக் கையை மடக்கினேன்.

"மெயின் ரோடு ஒரு மைலு. ஆறரைக்கு மொதப் பஸ்ஸு. நடந்தரலாமா?" என்றாள் அக்கா.

"அஞ்சே நிமிஷங்க்கா."

கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். எனவே அதையே செய்தேன். குழாயைக் கழற்றி வாயை வைத்து உறிஞ்சினேன். பெட்ரோல் வந்தது, என் தொண்டைக்குள். அதற்குப் பிறகு அன்று முழுக்க நான் ஏப்பம் விட்டால் பீடி பிடிக்கிறவர்கள் தள்ளி நின்றார்கள்.

"அடியில புட்வால்வு போயிருக்கும்" என்றேன் இருமிக்கொண்டே.

காட்டில், கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் புட்வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றி அடைப்பது வழக்கம். அக்கா கார் கண்ணாடியை இறக்கினாள். "டேய், சாணி கீணி கரச்சு ஊத்திராதடா. ஒனக்குக் கையெடுத்துக் கும்புடறேன்."

(ஊற்றும் யோசனை எனக்கு இருந்தது என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.)

அடுத்து பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒரு வயரைப் பேட்டரியிலும் இன்னொன்றைப் பம்பின் தலையில் இருந்த முனையிலும் வைத்தேன். பல்பு எரிந்தது. பம்பு வரைக்கும் கரண்டு வருகிறது! அந்த நிமிஷம் என் முகத்தில் வந்த களையை நினைத்தால் இப்போதும் யாரையாவது விட்டு ஓங்கி அறையச் சொல்லலாம் போலிருக்கிறது. அப்போதுதான் கவனித்தேன், பம்புக்கு ஒரே ஒரு வயர்தான் வந்துகொண்டிருந்தது.

"மச்சான், ஒத்த வயருல எந்த மோட்டாராச்சும் ஓடுமுங்களா? இன்னொரு வயரு எங்கைங்க?"

நான் அன்றைக்குக் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. மச்சான் மறைக்கவில்லை. "அடியில ஒரு கருப்பு வயரு இருந்துச்சு மாப்ள. ஒரு மொனை பம்பு இரும்புல, இன்னொரு மொனை வண்டி இரும்புல. எங்கயும் போவல, எங்கயும் வரல. வேலையத்த வயரு. பெயிண்ட் அடிக்க எடைஞ்சலா இருந்துச்சுன்னு எடுத்து வீசிட்டேன்."

இந்த இடத்தில் காயில் கடையில் மூன்று நாள் டீ வாங்கியவனாவது, ஒரு மாட்டுக்காரனாவது, யாராக இருந்தாலும் ஒரு கணம் யோசித்திருப்பான். நான் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"நல்ல வேல செஞ்சீங்க. பாடியில கரண்டு வந்தா ஆளு செத்துருவாங்க!"

கிணற்று மோட்டாரில் அதுதான் வேதம். மோட்டாரின் உடம்பில் கரண்டு வந்தால் தொட்டவன் காலி. ஆனால் காரில் வண்டியின் இரும்பே இன்னொரு வயர், அந்த வேலையத்த வயர் வழியாகத்தான் பம்பு வண்டியோடு பேசிக்கொண்டிருந்தது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. பம்பை மாட்டியிருந்த போல்ட்டுகளுக்கும் மச்சான் மரியாதை செய்திருந்தார், இரண்டு கை பச்சை.

"பஸ்ஸு போற சத்தம் கேக்குது" என்றாள் அக்கா.

தூரத்தில் ஆறரை பஸ் போனது. "அடுத்தது எப்பங்க்கா?" என்றேன்.

"எட்டே காலுக்கு. அதுல போனா மூர்த்தத்துக்கு நான் சேர மாட்டேன்டா."

"அதுக்குள்ள நம்ம காரே சேர்ந்துரும். அஞ்சு நிமிஷம்."

ஹாரன் வயரை வெட்டி எடுத்தேன். இரண்டாவது வயர் வேண்டும், அவ்வளவுதானே? பேட்டரியின் இன்னொரு கொம்பில் ஒரு முனையைக் கட்டினேன். மறு முனை கையில். அதைப் பம்பின் இரும்பு உடம்பில் எங்கேயாவது பெயிண்டைச் சுரண்டி வைத்திருந்தால், அந்தக் கணமே டக் டக் என்று ஓடியிருக்கும். அக்கா ஒன்பது மணிக்குப் பந்தலில் நின்றிருப்பாள். என் விரலுக்கும் சரியான இடத்துக்கும் இடையில் இருந்தது அரை சாண். ஆனால் உடம்பில் வைத்தால் சாவு என்று அறிந்த மேதை ஆயிற்றே நான். ஏற்கனவே வயர் இருந்த அதே முனையில், பேட்டரியின் இரண்டு கொம்பும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும்படி, வைத்து முறுக்கி, "சாவியத் திருப்புங்க மச்சான்" என்றேன்.

திருப்பினார். பட்டென்று ஒரு சத்தம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து நீலப் புகை. வயர் கட்டு பாம்பு நெளிவதைப் போல நெளிந்து உருகியது. மச்சான் ஒரு கதவில் குதித்தார். அக்கா சீர்த்தட்டோடு இன்னொரு கதவில் இறங்கினாள். வயரைப் பிடுங்கியதில் என் கட்டைவிரல் வெந்தது. (நியாயமாகப் பார்த்தால் பத்து விரலும் வெந்திருக்க வேண்டும்.)

எட்டு மணி வாக்கில், கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற லாரி ஒன்று வந்தது. எங்கள் கார் தடத்தை அடைத்துக்கொண்டு நின்றதால் டிரைவர் இறங்கி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பம்புக்கு எர்த்து எங்கைங்க?"

நான் பாடி, கரண்டு, சாவு என்று முழுப் பாடத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மச்சானிடம் திரும்பி, "இவிய யாருங்க?" என்றார்.

"எம் மச்சினன். எலக்ட்ரிக் மெக்கானிக்கு" என்றார் மச்சான், தலையைக் குனிந்துகொண்டு.

டிரைவர் ஸ்குரு டிரைவரால் பம்பின் அடியில் பெயிண்டைச் சுரண்டி ஒரு துண்டு வயரை வண்டி இரும்போடு கட்டினார். பேட்டரியில் இருந்து பம்பின் தலைக்கு நேராக ஒரு வயர் தொட்டார். டக் டக் டக் டக். எண்ணி ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"பம்பு சரியாப் போச்சுங்க. இனிக் காருதான் இல்ல. உள்ளார வயரு பூரா ஒட்டிக் கெடக்குது, சாவியப் போட்டீங்கன்னா வண்டியோட எரிஞ்சு போவீங்க" என்று சொல்லிப் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். பட்டும் நகையும் தட்டும் அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "ஏறுங்க சாமி, மோகனூர்ல பஸ்ஸுக்கு உட்டுடறேன்" என்றார். காரை மூன்று பேரும் கரும்புக்குள் தள்ளிவிட்டோம்.

மோகனூரில் பஸ் ஏறி, நாமக்கல்லில் இன்னொன்று மாறி, பந்தலுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று. தாலி ஏறி முடிந்து முதல் பந்தி எழுந்திருந்தது. சித்தப்பா மகள் அக்காவுக்கு எடுத்த இணைச்சீர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தி ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்து, "நல்ல நேரம் யாருக்காச்சும் காத்திருக்குமா கண்ணு? எம் புள்ளயும் ஒரு வயித்துப் புள்ளயாட்டந்தானே" என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலுக்குச் செருப்பால் அடித்திருக்கலாம். அக்கா அழவில்லை. சீர்த்தட்டை மணவறையில் வைத்தாள். பட்டில் கரும்புச் சோகையும் கிரீஸும் ஒட்டியிருந்தன.

அண்ணன் மெதுவாகக் கேட்டான்: "காருக்கு என்னாச்சு?"

அக்காதான் சொன்னாள்.

"தம்பி பாத்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் வம்சத்தில் அந்த இரண்டு சொல் அப்படியே தங்கிவிட்டது. பால் பொங்கிக் கொட்டினாலும், டிவியில் புள்ளி புள்ளியாக வந்தாலும், ஒரு சம்பந்தம் பேசி முறிந்தாலும், "ஏன், தம்பி பாத்தானா?" என்பார்கள். என் அண்ணன் பிள்ளைகள், நான் அவர்களுக்குச் சித்தப்பா என்பதை அறிவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

ஆறு வருஷம் கழித்து எனக்கும் ஒருவர் பெண் கொடுத்தார். (விசாரிக்காமல் கொடுத்தார்.) அக்கா கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். இணைச்சீருக்குப் பலகைமேல் நின்றோம். சீர் பாதியில், பாட்டுப் பாடிக்கொண்டிருந்த மைக் செட் கர்ர் என்று இழுத்து நின்றது. என் கழுத்து தானாகத் திரும்பியது. ஒரு காலைப் பலகையில் இருந்து கீழே வைத்தேன். அதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நில்லுடா."

அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரன் படம் எடுத்தான். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் மட்டும் நிற்பார்கள். தம்பி கையை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் பாருங்கள், கூடப்பிறந்த பாசம் என்றால் இதுதான் என்பார்கள். என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த இடம் மூன்று நாள் எரிந்தது.