பாலம் கட்டிய கரடி

ஒரு காட்டில் வேட்டை குறைந்துபோய் விளையாட்டு கூடிப்போயிருந்தது. புலி முதல் புனுகுப்பூனை வரை எல்லோரும் போனும் கையுமாக ஒரே விளையாட்டில் கிடந்தார்கள். சதுரக் கட்டைகளை அடுக்கி வீடு, கோட்டை, ஊர் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். அந்த விளையாட்டை ஓட்டும் சர்வர் கரடியின் குகையில் இருந்தது. அதனால் கரடிதான் அட்மின். எல்லோரும் அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார்கள். கூப்பிடாதவர்களைச் சர்வரைவிட்டே தூக்கிவிடுவார்.

பேச்சி என்ற தேவாங்குக்கு அந்த விளையாட்டுதான் உயிர். நிஜக் காட்டில் அவள் முழியைப் பார்த்தாலே சிரிப்பார்கள். விளையாட்டுக்குள் யாருக்கும் முழி தெரியாது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஆற்றின் குறுக்கே வளைவு வளைவாக ஒரு பாலம் கட்டினாள். முடித்ததும் பக்கத்தில் ஒரு பலகை நட்டு, 'கட்டியது: தேவாங்கு' என்று எழுதிவிட்டு, அன்றெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் கரடிக்கு ஒரு மானப் பிரச்சினை வந்தது. மற்றவர்களை வைத்துக் கட்டிக்கொண்ட தன் கோட்டை வாசலில் பெயர்ப்பலகை வைத்தவர், அவசரத்தில் நெடிலைக் குறிலாக்கி, 'கரடியார் கொட்டை' என்று போட்டுவிட்டார். காடே திரண்டுவந்து பார்த்துவிட்டுப் போனது.

"உடைச்சிட்டு வேற பலகை வைங்க அண்ணாச்சி," என்றாள் பேச்சி.

"உடைச்சா அதுக்குப் பின்னால அடைச்சு வெச்சிருக்கிற தீக்குழம்பு மொத்தமும் கோட்டைக்குள்ள பாயுமே!"

பேச்சி தேடிப்பிடித்து பிளகின் என்ற குட்டி நிரல் ஒன்றைக் கொண்டுவந்து சர்வரில் ஏற்றினாள். அது இருந்தால் பலகையை உடைக்க வேண்டாம். எதிரே நின்று, எத்தனையாவது வரி, என்ன எழுத்து என்று ஒரு கமாண்ட் அடித்தால் போதும். எழுத்து மாறிவிடும், மாற்றியது யார் என்று ஒரு தடயமும் இருக்காது. பேச்சி அடித்தாள். கொட்டை கோட்டையானது.

"ரொம்ப நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணாச்சி?"

"எதுக்கு? அது எப்பவும் இப்படித்தானே இருந்துச்சு?" என்றார் கரடி.

"ஆமா அண்ணாச்சி," என்றது காடு.

அந்த நிமிஷம் கரடிக்குப் புத்தி விழித்துக்கொண்டது. கமாண்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உலாக் கிளம்பினார். முயலின் தோட்டம் 'கரடியார் தோட்டம்' ஆனது. மானின் வீடு 'கரடியார் விருந்தினர் மாளிகை' ஆனது. மான் தன் வீட்டுக்குள் போகவே அனுமதி கேட்டு நின்றது. கடைசியில் பாலத்துக்கு வந்தார். 'கட்டியது: கரடி.'

அதைப் பார்த்ததும் பேச்சி குகைக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, அது நான் கட்டின பாலம்!"

"பலகையில அப்படியா போட்டிருக்கு?"

"நீங்கதானே மாத்தினீங்க!"

"பார்த்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா."

அவள் தன் பெயரை மாற்றி எழுதினாள். அவர் தன் பெயரை மாற்றி எழுதினார். மறுபடி அவள், மறுபடி அவர். "இன்னொரு தடவை கை வெச்சே, சர்வர் பக்கமே வர முடியாது" என்று கரடி உறுமியதும் பேச்சி அடங்கிப்போனாள். அந்த முழிக்கு அழுகை வந்தால் கொஞ்சமாகவா வரும்?

இப்படியிருக்கையில், பக்கத்துக் காட்டு யானைக்கூட்டம் இந்தச் சர்வரைச் சுற்றிப் பார்க்க வந்தது. பாலத்தைக் கண்டு வாய்பிளந்தது. பலகையைப் படித்த கையோடு, கூட்டத்தின் தலைவி உலகம்மை நேரிலேயே குகைக்கு வந்து நின்றாள்.

"அந்தப் பாலம் கட்டினது நீங்கதானா?"

"நான்தான்," என்றார் கரடி, நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப புறப்படுங்க. எங்க சர்வர்ல ஒரு பாலமும் நடு ஆத்துல ஒண்ணுசேர மாட்டேங்குது. எல்லாத்தையும் நீங்க முடிச்சுக் குடுக்கணும். ஆறும் ஒண்ணு ரெண்டு இல்ல. முடியுற வரைக்கும் அங்கேயே எங்க கூட இருக்கலாம்."

சொல்லும்போதே ஒரு தும்பிக்கை கரடியின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. கரடி தன் வாழ்நாளில் ஒரு கட்டையைக்கூடத் தன் கையால் வைத்தவரில்லை. யானையின் பின்னாலேயே வந்து மூலையில் நின்ற பேச்சியைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"தாயி, உடனே பலகையில உன் பேரைப் போட்டுடு. இனிமே நீதான் அட்மின்!"

பேச்சி போனை எடுத்து, விளையாட்டுக்குள் பலகையின் முன்னால் போய் நின்றாள். இத்தனை நாள் அழுதது இதற்குத்தான். 'தேவாங்கு' என்று நாலு எழுத்து அடித்தால் பாலம் அவளுடையது. கூடவே யானைகளும், அவர்களுடைய ஆறுகளும்.

பலகையில் இன்னும் மூன்று வரி காலியாக இருந்தது. முதல் வரியை அவள் தொடவில்லை. இரண்டாவதில் அடித்தாள்: 'பழுதுபார்ப்பவரும் அவரே.' மூன்றாவதில்: 'எவ்வளவு தூரமானாலும் வருவார்.' கொஞ்சம் யோசித்து நான்காவதில்: 'வேண்டாம் என்பது அவர் தன்னடக்கம்.'

போனை உலகம்மையிடம் நீட்டினாள்.

"என்ன ஒரு தங்கமான மனசு!" என்று உருகிப்போன உலகம்மை, "நான் இல்ல, நான் இல்ல" என்று கத்திய கரடியை ஆசையோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

நீதி: உன் வேலைக்கு இன்னொருவன் பெயர் போட்டுக்கொண்டால் சண்டைக்குப் போகாதே. அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, போய்ப் படுத்துத் தூங்கு.