ஓட்டைக்குள் போன விரல்

பூவராகவனின் வலது ஆள்காட்டி விரல் புது மிஷினின் ஓட்டைக்குள் சுலபமாகத்தான் போனது. வெளியே வரத்தான் அதற்கு மனமில்லை.

"விரல ஏன்யா உள்ள உட்ட?" என்றான் கூட வேலை செய்யும் சடையப்பன்.

"உள்ள இன்னா கீதுன்னு பாக்கலாம்னு..."

"இன்னா கீது?"

"இப்ப என் விரல்தான் கீது."

காக்களூர்ப் பட்டறையில் அன்று காலையில்தான் அந்த மிஷினை இறக்கியிருந்தார்கள். பக்கத்துத் தகட்டில் ஓர் ஓட்டை. எதற்கென்று முதலாளிக்கே தெரியவில்லை. மற்றவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பூவராகவனால் முடியவில்லை. நிலாவுக்கே ஆள் போய்க் கல் பொறுக்கிக்கொண்டு திரும்பிவிட்ட காலம். இவன் போனது ஓர் ஓட்டைக்குள். அதிலிருந்தும் திரும்பத் தெரியவில்லை.

இந்தப் புத்தியால் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிப்பட்டில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணை விட்டுவிட்டு அவர்கள் வீட்டு ரேடியோவின் முதுகைக் கழற்றிப் பார்த்தான். ரேடியோவும் நின்றது, சம்பந்தமும் நின்றது. முப்பது தாண்டிய பிறகு இப்போதுதான் திருவள்ளூர் முனிகிருஷ்ணனின் மகள் அங்காளம்மாளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். தலையைக் குனியாமல் அவனை நன்றாகப் பார்த்த பெண். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண் வீட்டார்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

சடையப்பன் கிரீஸ் தடவினான். விரல் வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. பிடித்து இழுத்தான். விரல் வீங்கியது. கடைசியில் போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டையே பிரித்தெடுத்தான். மிஷினுக்கு விடுதலை கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரும்பு பூவராகவன் கையில் தொங்கியது.

அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் வாசலில் முனிகிருஷ்ணன் வந்து நின்றார்.

பூவராகவன் அவசரமாகத் துண்டால் கையை மூடினான். கும்பிட இரண்டு கை வேண்டும். இருந்தது ஒன்று, அதுவும் இடது. அதைத் தூக்கினான்.

"வாங்க மாமா."

முனிகிருஷ்ணன் ஒரு மாதிரிப் பார்த்தார். மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார். பெண்ணைப் பெற்றவரிடம் இடது கையால் வெற்றிலை வாங்கிய முதல் மடையன் தானாகத்தான் இருக்கும் என்று பூவராகவனுக்குத் தோன்றியது.

"கைக்கு இன்னா தம்பி?"

"சுளுக்குங்க" என்று முந்திக்கொண்டான் சடையப்பன். "அப்பப்ப வரும்."

"அப்பப்ப வருமா?"

"ஐயோ, இல்லீங்க! பொறந்ததுலேந்து இதான் மொத தபா" என்று பதறினான் சடையப்பன்.

முனிகிருஷ்ணனின் கண்கள் சுவரில் மாட்டியிருந்த சாமான்களை மேய்ந்தன.

"தம்பி, ஒரு விசயம். எப்டி சொல்றதுன்னுதான் தெர்ல..."

பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பூவராகவன் முடிவுகட்டினான். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. முனிகிருஷ்ணன் தகட்டையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுளுக்கு இல்ல மாமா. ஓட்டைய பாத்தேன், உள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்சிக்காம இருக்க முடில. எம் புத்தியே அப்டித்தான். உங்க பொண்ண நல்ல எடமா பாத்துக் குடுங்க."

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

முனிகிருஷ்ணன் அங்கிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"ஒரு ஒத்தாச கேக்கத்தான் வந்து கூச்சப்பட்டுகினு நின்னேன். இரும்பு அறுக்குற ரம்பத்த எடுத்துகினு சீக்கிரம் ஊட்டுக்கு வாங்க மாப்ளே. தண்ணி எப்டி மேல வருதுன்னு பாக்க, எம் பொண்ணு காலையிலேந்து பம்புக்குள்ள கைய உட்டுகினு குந்தினு கீறா!"