முதல் போர்வையும் நான்கு முழ வேட்டியும்

என் நாட்குறிப்புகளில் தேதி போடாத பக்கம் ஒன்றே ஒன்றுதான். மழை பிடித்த நேரம், கரண்ட் போன நேரம், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட நேரம் வரை எழுதி வைக்கிற எனக்கு அது பெரிய மானக்கேடு. அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "மாலை. போர்வை முடிந்தது. சம்மந்தி வந்தார். மேற்கொண்டு எழுத முடியவில்லை."

இப்போது எழுத முடிகிறது.

போர்வை என் மகள் வயிற்றுப் பிள்ளைக்கு. அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடிந்துவிட்டது, தலைப்பிரசவத்துக்கு ராஜபாளையம் அழைத்து வர வேண்டும். நாள் சொல்ல வேண்டியவர் சம்மந்தி. அவரோ மரியாதை பார்க்கிறவர். (கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு அப்பளம் பிந்தி வந்ததற்காக ஆடி மாதம் முழுக்க எங்களோடு பேசாதவர்.) போனில் கேட்டபோதெல்லாம் "பாப்போம்" என்றே சொன்னார். மகள் வந்து சேர்வாளா என்ற கவலையில் என் மனைவி சரசு கோவில் கோவிலாக நேர்ந்துகொண்டாள். நான் தைக்க உட்கார்ந்தேன்.

எனக்குத் தையல் தெரியாது. மில் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நூலைக் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன். போனில் ஒரு வீடியோ வந்தது. துண்டுத் துணிகளை இணைத்து, அதற்கடியில் பஞ்சு, அதற்கும் அடியில் வெள்ளை மல் துணி வைத்து, மூன்றும் சேரும்படி மிஷினில் வளைத்து வளைத்துத் தைத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். வீட்டில் கிடந்த பழைய தையல் மிஷினைத் துடைத்து வைத்து, நைட்டி கம்பெனியில் கழித்த வெட்டுத்துணியை மூட்டையாக வாங்கிவந்தேன்.

"மில்ல விட்டு வந்துட்டீகன்னு நெனச்சேன். மில்லையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டீக" என்றாள் சரசு.

இந்தத் தையலுக்கு மிஷினின் பற்களைக் கீழே இறக்கிவிட வேண்டும். துணியை இழுத்துப்போக அப்புறம் எதுவும் இல்லை. ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். துணியை நாம்தான் நகர்த்த வேண்டும். பேனாவை அசைக்காமல் காகிதத்தை அசைத்து எழுதுவது போல. நான் போட்ட முதல் வட்டம் லாரி ஏறிய பூசணிக்காய்.

பிறகு ஒரு நாள் கைக்குப் பிடிபட்டது. ஊசி போன இடமெல்லாம் துணி அமுங்கியது. போகாத இடமெல்லாம் மெல்ல எழும்பி நின்றது. தட்டையாகக் கிடந்த துணியில் மேடும் பள்ளமும் வந்து, ஜன்னல் வெயிலுக்கு நிழல்கூட விழுந்தது. மூன்று அடுக்கும் ஒரே பொருளாகிவிட்டன. இனிப் பிரிக்க நினைத்தால் கிழிக்கத்தான் வேண்டும். இதை என் கையா செய்தது என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதே மயக்கத்தில்தான் கடைசி மூலையையும் தைத்தேன். போர்வையின் பாரம் முழுக்க மடியில். சுருள் சுருளாகப் போட்டு முடித்து மிஷினை நிறுத்தினேன்.

"வீட்டுல யாரு?"

வாசலில் சம்மந்தி. நான் சட்டென்று எழுந்தேன். பாதிதான் எழ முடிந்தது. இடுப்பில் ஏதோ இழுத்தது. குனிந்து பார்த்தால், கடைசிச் சுருள்கள் அத்தனையும் என் வேட்டியையும் சேர்த்துப் பிடித்திருந்தன. ஊசி இன்னும் துணிக்குள்ளேயே நின்றது. (மிஷினின் பக்கவாட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் ஊசி மேலே வரும் என்பது அந்த நேரத்தில் என் அறிவில் இல்லை.)

"வாங்க சம்மந்தி" என்றேன், உட்கார்ந்தபடி.

அவர் செருப்பைக் கழற்றவில்லை. "சும்மா தகவல் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். வாரேன்."

அடுப்படியிலிருந்து வந்த சரசுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, அவிய நிக்காக. எந்திரிங்க."

"முடியல."

"முடியலன்னா?"

"முட்டு பிடிச்சுக்கிருச்சு" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

சம்மந்தியின் முகம் இளகியது. செருப்பு கழன்றது. "இதச் சொல்ல வேண்டாமா? எனக்கும் உண்டு. வெடுக்குன்னு எந்திரிச்சாத்தான் விடும். மூச்சப் பிடிங்க."

"வேண்டாம் சம்மந்தி, செத்த நேரத்துல சரியாயிரும்."

"கூச்சப்படாதீக."

அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கு. நான் வந்துவிட்டேன். வேட்டி வரவில்லை.

கோடு போட்ட டவுசரோடு சம்மந்தி முன்னால் நின்றேன். எழுந்து நின்று மரியாதை செய்தாயிற்று என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். அவர் என்னைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தார். குனிந்து போர்வையின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினார், திரும்பவும் ஓட்டினார்.

"இது பூராம் நீங்க போட்டதா?"

"ஆமா."

"மலைய மேல இருந்து பாத்த மாதிரில்லா இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில்.

அவரே சக்கரத்தைச் சுற்றி ஊசியை எடுத்தார். வேட்டி தொங்கத் தொங்கப் போர்வையைத் தூக்கி என் இடுப்பில் சுற்றிவிட்டார். "பேரப்பிள்ளைக்கு முந்தி தாத்தா கட்டிப் பாத்துட்டாரு" என்று சரசுவிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழம நாள் நல்லாருக்கு. பிள்ளைய வந்து கூட்டிக்கிடுங்க."

மகள் வந்தாள், பேத்தியும் பிறந்தாள். அந்தத் தையலைப் பிரிக்க முடியாமல் வேட்டியைச் சுற்றிலும் வெட்டி எடுத்தோம். ஒரு துண்டு போர்வையிலேயே தங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நான் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர், "பாத்து, தச்சிருக்கான்னு பாத்துட்டு எந்திரிங்க" என்பார்.

ஒன்று மட்டும் பாக்கி. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே சம்மந்தியின் ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டதாகச் சரசு சொல்கிறாள். அப்படியானால் வேட்டி ஊசிக்கடியில் போனதைச் சம்மந்தி வாசலில் நின்றே பார்த்திருக்க வேண்டும். கேட்டுப் பார்த்தேன்; தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு முட்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தெரிந்தேதான் தூக்கினாரா என்பது இதை எழுதும் வரை உறுதி செய்யப்படவில்லை.