சிவப்பிக்குக் காய்ச்சல்

சும்மா இருக்கத் தெரிந்தவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு கோழியைச் சில நாட்கள் சும்மா விட்டுவைக்கச் சொன்னார்கள். அதுகூட என்னால் முடியவில்லை.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் என் மனைவி புஷ்பா நாலைந்து கோழிகள் வளர்த்து வந்தாள். (நான் முட்டை சாப்பிட்டு வந்தேன்.) அவற்றோடு திரிந்த சேவலை ஒருநாள் தெருநாய்கள் கொண்டுபோய்விட்டன. அன்று புஷ்பா சமைக்கவில்லை. பிறகு, அந்தச் சேவல் இருந்த காலத்து முட்டைகளில் ஒன்பதைப் பொறுக்கி, அடைக்கு உட்கார்ந்திருந்த சிவப்பி என்ற கோழியின் கீழே வைத்தாள்.

"அதோட வாரிசு ஒண்ணாவது வரட்டும்" என்றாள்.

குஞ்சு பொரிக்க ஒரு வாரம்தான் இருந்தது. அப்போது பார்த்துக் கடுகண்ணாவையிலிருக்கும் அவளுடைய அக்காவுக்கு ஒப்பரேஷன் என்று செய்தி வந்தது. பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"பக்கத்துல தீனியும் தண்ணியும் வைங்க. அதுவா எந்திரிச்சு வந்து திங்கும். வேற ஒண்ணுமே செய்யாதீங்க. கேட்டுச்சா?"

"இது ஒரு வேலையா?" என்றேன்.

மறுநாளே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எப்போது எட்டிப் பார்த்தாலும் சிவப்பி உட்கார்ந்தபடியே இருந்தது. கொண்டை வெளிறியிருந்தது. கிட்டப் போனால் உடம்பை உப்பிக்கொண்டு உறுமியது. துணிந்து அடியில் கையை விட்டேன். நெஞ்சில் இறகே இல்லை. தோல் கொதித்தது. (முட்டைக்குச் சூடு படுவதற்காக அடைக்கோழி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளுமாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். நான் டவுனில் மூக்குக்கண்ணாடி விற்பவன்.)

காய்ச்சல்தான் என்று முடிவு செய்தேன். அக்காவை ஒப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிற நேரத்தில் கோழிக்குக் காய்ச்சல் என்று புஷ்பாவுக்குப் போனில் கோல் எடுக்க மனம் வரவில்லை. அடுத்த வீட்டுச் சிவபாலன் ஐயாவிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷனில் இருப்பவர், வாரா வாரம் எங்களிடம் முட்டை வாங்குபவர்.

"ஐயா, சிவப்பிக்கு ஒடம்பு சரியில்ல. எந்திரிக்கவே மாட்டேங்குது. நெஞ்செல்லாம் கொதிக்குது."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யோசித்தார். "முட்டை கிடக்கோ தம்பி?"

வாரா வாரம் கேட்கிற கேள்விதானே. "இல்லீங்க ஐயா, இந்த வாரம் ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப வேற வழியில்லை. உந்தச் சூட்டை இறக்கவேணும். பச்சைத்தண்ணிக்குள்ள மூண்டு தரம் முக்கி எடும். பிறகு காத்துப் படுற இடத்தில கட்டி விடும். ரெண்டு நாளில எல்லாம் மறந்துபோகும்."

எதை மறந்துபோகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவதில்லையா, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அம்பிட்டியத் தண்ணீரின் குளிர் எப்படி என்று அங்கே குளித்தவர்களுக்குத் தெரியும். முதல் முக்கில் சிவப்பி அலறியது. இரண்டாவதில் என் கையைக் கொத்தியது. மூன்றாவதில் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை.

முட்டைகளைப் பற்றி நினைக்கவே இல்லையா என்று இன்றும் கேட்கிறார்கள். நினைத்தேன். அக்கறையாக ஒரு சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டேன். சாக்குக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாளில் சிவப்பி நன்றாக நடந்தது, கொத்தித் தின்றது. பெருமை தாங்காமல் படம் எடுத்துப் புஷ்பாவுக்கு அனுப்பினேன். உடனே கோல் வந்தது.

"என்னங்க, அது ஏன் வெளிய நிக்குது?"

"காய்ச்சல் எறங்கிருச்சு."

"காய்ச்சலா? அப்ப முட்டை மேல யாரு உக்காந்திருக்கா?"

"சாக்கு" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சுடுதண்ணீர்ப் போத்தலையும் மேசை விளக்கையும் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்லி என்ன பயன்? மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். சிவப்பியைத் தூக்கிக் கூட்டில் வைத்தாள். அது முட்டைகளை அந்நியர் வீட்டுப் பொருளைப் போலப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. மூன்றாம் முறை வைத்தபோதும் அப்படியே. ஒரு முட்டையை எடுத்து மெதுவாக உடைத்தாள். ஈரமான மெல்லிய தூவியோடு, கண் மூடியபடி, முழுதாக ஒரு குஞ்சு இருந்தது.

திட்டுவாள் என்று காத்து நின்றேன். "அந்த மண்வெட்டிய எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். வாழைக்குப் பக்கத்தில் நான் குழி வெட்டினேன். ஒவ்வொன்றாக அவளே வைத்தாள். அதுவரை சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிற நான் இந்த இடத்தில் எப்போதும் தடுமாறிவிடுவேன்.

விஷயம் தெரிந்து ஐயா வேலியோரம் வந்தார். "தம்பி, முட்டை கிடக்கோ எண்டு கேட்டனான் எல்லே? அடியில முட்டை இல்லாட்டித்தான் அடையைக் கலைக்கக் கோழியைத் தண்ணியில முக்கிறது."

"நீங்க வாங்குறதுக்குத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன் ஐயா."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதன் பிறகு பல வாரம் எங்களிடம் முட்டை கேட்கவே கூசினார். புஷ்பாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது எங்களிடம் வேறு சேவல் இருக்கிறது. ஆனால் முட்டைகள் அடைக்குப் போவது அக்காவின் கோழிகளிடம்தான். எங்கள் வீட்டுக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் பிறந்த ஊர் கடுகண்ணாவை. முட்டைக்கூடையோடு நாங்கள் போய் இறங்கியதும் சகலை வாசலில் நின்று கேட்பார்: "வாங்க சகல, எல்லாரையும் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். புஷ்பாவும் சிரிப்பாள். கூடையை மட்டும் என் கையில் கொடுக்கமாட்டாள்.