பால்கோவாவைக் கேட்டு வாங்கிய ஜாக்கெட்

சித்திரை வெயிலில், அதுவும் எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, குளிருக்குப் போடும் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் பனிமலை அண்ணன் ஒருத்தர்தான். வேறு யாராவது இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டி வாருங்கள். ஒரு பெட்டி பால்கோவா என் செலவு.

எங்கள் கடையில் பால்கோவா கிண்டுவது அவர் வேலை. எட்டாவதோடு நின்ற எனக்குப் பெட்டி கட்டும் வேலை. காலையில் கரண்டியைப் பிடித்தார் என்றால் சாயங்காலம் வரை அவருக்கு எதிரே நெருப்புதான். அப்படிப்பட்ட மனிதருக்கு இருந்த ஒரே ஆசை, பனிமலையில் நடக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டுக்கொண்டதில்லை.

"அங்க அப்படி என்னண்ணே இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாயத் தொறந்தா புகை வருமாம் ஏட்டி. பீடி இல்லாம, நெருப்பு இல்லாம, சும்மாவே வருமாம். அத ஒருதடவ பாத்துரணும்."

"இங்கதான் நாள்பூரா புகையிலயே கெடக்கியளே?"

"இது மொதலாளி புகை. அது எம்புகைல்லா?"

மிலிட்டரியில் இருந்த அவர் மச்சான், மலை ஏறக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. நல்ல ஃப்ளீஸ் ஜாக்கெட் வேண்டும். தூக்கி நடக்க லேசாக இருக்கணும், போட்டால் சூடாக இருக்கணும்.

ஒரு வாரநாளில் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்றால், "ஒங்கைக்குத்தான் எடை தெரியும்." அண்ணன் கையில் ஒரு தூக்குப்பை. அதில் என்ன என்று கேட்டால், "பொறவு சொல்லுதேன்."

ஜவுளிக்கடைக்காரர் ஃபேனுக்கு அடியில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃப்ளீஸ் ஜாக்கெட் என்றதும் துண்டு அப்படியே நின்றது.

"யாருக்காச்சும் காய்ச்சலாண்ணே?"

"மலைக்குப் போறேன். நீ எடுத்துப் போடு."

போன மார்கழியில் விற்காமல் கிடந்த இரண்டு வந்தன. ஒன்று மெத்தை மாதிரி தடிசாக இருந்தது. இன்னொன்று மெல்லிசு, உள்ளே பூனைக்குட்டி மாதிரி பஞ்சுபஞ்சாக இருந்தது. நான் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். மெல்லிசு அரைக்கிலோப் பெட்டியைவிட லேசு. தடிசு முழுக்கிலோவைத் தாண்டும்.

"லேசுல பாஸு. இனி சூடு" என்றவர் மெல்லிசைப் போட்டு, கழுத்து வரை ஜிப்பை ஏற்றி, "ஃபேன நிறுத்துலே" என்றார். கடைக்காரர் நிறுத்தினார். மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது.

"சூடா இருக்காண்ணே?"

"எனக்குச் சட்டை இல்லாமலே சூடாத்தான் இருக்கு. இத வச்சு என்னத்தக் கண்டுபிடிக்க?"

ராஜபாளையத்தில் மே மாசத்தில் எந்த ஜாக்கெட்தான் சூடாக இருக்காது? அப்போதுதான் தூக்குப்பை திறந்தது. ஒரே மாதிரி இரண்டு டிபன் பாக்ஸ், இரண்டிலும் காலையில் இறக்கிய பால்கோவா. ஆளுக்கொரு ஜாக்கெட்டாக அவற்றைச் சுற்றி, ஜிப் போட்டு, கல்லாப்பெட்டிமேல் வைத்தார்.

"வா ஏட்டி, டீ குடிச்சிட்டு வருவோம்" என்றவர், கடைக்காரரிடம், "செத்த நேரம் பாத்துக்கலே, பிள்ளைய பாக்குத மாதிரி."

டீயோடு ராஜபாளையம் பஜாரையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினோம். தடிசுக்குள் இருந்தது ஆறிப்போயிருந்தது. மெல்லிசுக்குள் இருந்தது இன்னும் வெதுவெதுப்பு. "நம்ம பால்கோவாவ யாரும் ஏமாத்த முடியாது" என்று மெல்லிசை எடுத்துக்கொண்டார். கடைக்காரர் இரண்டு பாக்ஸையும் காலிசெய்துவிட்டு, "அடுத்து எப்பண்ணே ஜாக்கெட் எடுக்க வருவிய?" என்றார்.

மறுநாள் காற்றுக்குப் பரீட்சை. அடுப்பை ஊதிவிடும் ப்ளோயர் முன்னால் ஜாக்கெட்டோடு நின்றார். முதலாளி வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, அடுப்புக்கு வார காத்தப் பூரா நீ வாங்கிட்டா பால் எப்படிக் கொதிக்கும்?"

"சூட்டப் பிடிக்குது மொதலாளி, ஆனா காத்தத் தடுக்கல. மேல ஒரு மழைக்கோட்டு போட்டுக்கணும்."

சொல்லி முடிக்கவில்லை, ஒரு தீப்பொறி பறந்து வந்து நெஞ்சுக்கு நேரே ஒட்டியது. தட்டிவிடுவதற்குள் பயறு அளவில் ஓட்டை. எல்லாரும் சிரித்தோம். "அது சட்டை மூச்சு விடுததுக்கு" என்றார் அண்ணன்.

சட்டை மூச்சு விட்டது. லீவுதான் கிடைக்கவில்லை. ஆடியில் தேர் என்றார் முதலாளி. புரட்டாசியில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே குன்றின்மேல் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க வரும் கூட்டம் என்றார். அதற்குப் பிறகு தீபாவளி என்றார்.

"பனி எங்கயும் ஓடிராதுப்பா."

"ஓடாது மொதலாளி. நாந்தான் போகணும்."

தீபாவளி ஆர்டர் எல்லாம் முடிந்த ஒரு மத்தியானம், "ஏட்டி, செத்த கிண்டு" என்று கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்கிவிட்டு, பாராட்டு வாங்கத் திரும்பினேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் எனக்குச் சொந்தம் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு முறை இல்லாததால் துக்கத்துக்கு லீவும் இல்லை. மறுநாளும் பெட்டி கட்டினேன். அன்றைக்குக் கட்டிய பெட்டிகள் எல்லாம் எடை கூடிப்போனதாக முதலாளி சொன்னார். திட்டவில்லை.

அவர் சம்சாரம் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "நீதான எடை பாத்து எடுத்தே? நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனது.

மார்கழியில் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, கடையைப் பூட்டிவிட்டு எங்கள் எல்லாரையும் வேனில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார். உயிரோடு இருந்தவருக்குக் கிடைக்காத லீவு, எங்கள் அத்தனை பேருக்கும் கிடைத்தது. விடிகிற நேரத்தில் ஒரு மலைமேல் நடந்து ஏறினோம். ஸ்வெட்டர் போட்ட முதலாளிக்குப் பல் தந்தி அடித்தது. முழங்கால் வரை தொங்கிய ஜாக்கெட்டுக்குள் எனக்குக் குளிரவே இல்லை. நெஞ்சுக்கு நேரே, அந்த ஓட்டையில் மட்டும் கொஞ்சம்.

உச்சியில் நின்று வாயைத் திறந்தேன். வந்தது. பீடி இல்லாமல், நெருப்பு இல்லாமல், வெள்ளையாக.

அதை ஊதித் தீர்த்துவிட மனசு வரவில்லை. ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் வாயை மூடியபடியே நின்றேன்.