முழுக் காலியா, பாதிக் காலியா?

முஜீப் ரஹ்மான் ஆசையைத் துறந்தது ஒரு திங்கட்கிழமை. அதைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டது அதே வாரம் வெள்ளிக்கிழமை. இடைப்பட்ட நாட்களில் மரக்காணத்தில் அவனைவிடப் பெரிய ஞானி ஒருவரும் இல்லை.

துறவுக்குக் காரணம் மனைவி ஆஸிஃபா. ஆரோவில்லில் துணி தைக்கிற இடமொன்றில் வேலை காலி இருக்கிறது, வந்துவிடு என்று அங்கே மேற்பார்வை பார்க்கிற அந்தோணியம்மாள் அவளைக் கூப்பிட்டிருந்தாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. ஆஸிஃபா கணவனிடம் கேட்டாள். முஜீப் மோவாயைத் தடவிக்கொண்டான்.

"நமக்கு என்ன கொறை சொல்லு? உப்பு மண்டியில எனக்கு வேலை இருக்குது. மனுஷனுக்கு ஆசை கூடாது ஆஸிஃபா. இருக்கறது போதும்னு இருக்கணும்."

"நான் ஆசையைக் கேக்கலீங்க. வேலையைக் கேக்கறேன்."

"அதுவும் ஆசைதான். அப்புறம் மத்தியானம் சோறு யாரு போடுவா?"

ஞானத்தைக் கிளறிப் பார்த்தால் அடியில் சோறுதான் கிடந்தது. ஆணுக்கு வந்தால் லட்சியம், பெண்ணுக்கு வந்தால் பேராசை என்று பிரித்து எழுதிவைத்தவர் யாரோ தெரியாது. ஆனால் அவருக்கு மத்தியானச் சோறு தட்டில் வந்து விழுந்துகொண்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம். இல்லாவிட்டால் உட்கார்ந்து எழுத நேரம் ஏது?

ஆஸிஃபா உள்ளே போய்விட்டாள். முஜீப் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வந்தவன் பிரியாணியில் கை வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. துபாயிலிருந்து ஆஸிஃபாவின் தம்பி தாஹா. லீவில் ஊருக்கு வருகிறானாம்.

"மச்சான், உங்களுக்கு என்னா வேணும்? கூச்சப்படாம கேளுங்க."

ஞானி கூச்சப்படவில்லை. "எலெக்ட்ரிக் கிட்டாரு" என்றான், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

பகலில் உப்பு மூட்டை எண்ணுகிற முஜீப், மாலையில் கௌதமன் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். குழுவின் கிட்டாரை உப்புக் காற்று தின்றது போக மிச்சம்தான் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியைத் தொட்டால் விரல் துருவாகும்.

"கடையில விசாரிச்சிட்டேன் மச்சான். ஹாலோ இருக்குது, செமி ஹாலோ இருக்குது. ஹாலோன்னா உள்ள பூரா காலி. பாக்க ராஜா மாதிரி இருக்கும், சத்தமும் தேனு. செமின்னா பாதிதான் காலி, நடுவுல ஒரு மரக்கட்டை ஓடும். எது வாங்கட்டும்?"

"ஹாலோவா... செமி ஹாலோவா..." முஜீப் முனகினான். "ஹாலோவா, செமி ஹாலோவா..."

அடுப்படியிலிருந்து ஆஸிஃபாவின் தலை எட்டிப் பார்த்தது. "என்னாங்க, அல்வாவா? சேமியா அல்வாவா?"

முஜீபுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அடுத்த நொடி குளிர்ந்தது. இப்படி ஒரு வாசலை யார் திறந்துவிடுவார்கள்?

"ஆமா ஆமா! தாஹா கேக்கறான். அல்வா வேணுமா, சேமியா அல்வா வேணுமான்னு."

"துபாய்லேர்ந்தா? எல்லாரும் இங்கேர்ந்துதானே அங்க அல்வா எடுத்துக்கினு போவாங்க?"

"இப்ப அங்கயும் நல்லா கிண்டறாங்களாம்."

"அப்ப சேமியாவே சொல்லுங்க. அது பல்லுல ஒட்டாது."

முஜீப் போனுக்குள் குனிந்து, "ஹாலோ. முடிவு" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தான். மனைவி சொன்னதற்கு நேர் எதிர். அது ஒரு பழக்கம். கல்யாணமானவர்கள் பலருக்கும் உண்டு, ஆராய்ச்சி செய்வதில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் அவன் கால் தரையில் படவில்லை. ஆஸிஃபா ஒருமுறை, "அந்த ஆரோவில் வேலை..." என்று தொடங்கினாள். "ஆசை!" என்று ஒரு விரலைத் தூக்கினான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

அனுமந்தையில் ஒரு கல்யாண வரவேற்பு. குழுவுக்கு அது பெரிய மேடை. அங்கே நன்றாக வாசித்தால் அந்தக் கரையில் வைகாசி முழுக்க நடக்கிற கல்யாணங்களுக்கு இவர்கள்தான் என்று கௌதமனிடம் பேச்சு. வரப்போகிற ராஜா கிட்டாருக்குக் கை பழகட்டும் என்று முஜீப், ஆரோவில்லில் தெரிந்த ஒரு வெள்ளைக்காரரிடம் கெஞ்சி ஹாலோ கிட்டார் ஒன்றை அன்று மாலைக்கு மட்டும் இரவல் வாங்கிப் போனான்.

மேடையில் வழக்கம்போல ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். ஒயரைச் சொருகினான். ஒரே ஒரு கம்பியை மீட்டினான்.

ஊஊஊஊ...

ஸ்பீக்கரிலிருந்து போன சத்தம் கிட்டாரின் காலி வயிற்றுக்குள் புகுந்தது, அங்கிருந்து மறுபடி ஸ்பீக்கருக்குப் போனது, திரும்ப வந்தது. போகப் போக ஊளை வளர்ந்தது. முஜீப் கம்பியை அமுக்கினான். நிற்கவில்லை. வயிற்றோடு அணைத்தான். நிற்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இது கடற்கரை. சுனாமியில் கடல் ஏறி வந்து இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பந்தியில் இருந்தவர்கள் இலையோடு எழுந்தார்கள். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக நாற்காலிமேல் ஏறிப் பெண்ணைத் தூக்கப் பார்த்தார். கௌதமன் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். ஊளை நின்றது. கடல் அது பாட்டுக்கு அதன் இடத்தில் இருந்தது.

பெண்ணின் மாமா தட்சணாமூர்த்தி மேடைக்கு வந்தார். "ஏம்பா, இது பாட்டுக் கச்சேரியா, அபாயச் சங்கா?"

பழைய கிட்டாரை வைத்து ஒப்பேற்றினார்கள். வீடு திரும்பி வேனிலிருந்து இறங்கும்போது கௌதமன் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"டேய் முஜீபு, இன்னாடா அது? ஹாலோவா?"

"ஆமா."

"அத்த வச்சிக்கினு வூட்டுல வாசி. இந்தக் கரையில ஊளை உடுற சாமானை மேடை ஏத்தினா, நம்மள உப்புப் பாத்தியில காய வச்சிடுவாங்க. நடுவுல கட்டை இருந்தா ஊளை உடாது. செமி இருந்தா வா. இல்லன்னா வேற ஆளு பாத்துக்கறேன், தப்பா நெனைக்காதே."

மறுநாள் முஜீப், ஆஸிஃபா காதில் விழாமலிருக்க, போன் பூத்துக்கு ஓடி துபாய்க்குப் போட்டான்.

"தாஹா! ஹாலோ வேணாம்! செமி! செமி!"

மறுமுனையில் ஒரு இருமல். "அது வந்து மச்சான்... இனிமே மாத்தணும்னா அக்கா சொல்லணும். அக்காவுக்குத் தெரியாம வாங்கறேன்னு எனக்கு மனசு உறுத்துது."

"இவ்ளோ நாளா உறுத்தலியா?"

"இன்னிக்குத்தான் மச்சான் ஆரம்பிச்சுது." போன் வைக்கப்பட்டது.

முஜீப் வீட்டுக்கு வந்து ஆஸிஃபா எதிரில் உட்கார்ந்தான். அல்வாவில் தொடங்கி அனுமந்தை வரை எல்லாவற்றையும் கக்கினான். அவள் பாதி ஆய்ந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அது ஆசை இல்லியா?"

"அது... கலை."

"தையல் என்னாங்க? கொலையா?"

முஜீப் மிச்சக் கீரையை இழுத்து வைத்து ஆயத் தொடங்கினான்.

"நான் தாஹாகிட்ட சொல்றேன்" என்றாள் ஆஸிஃபா. "ஆனா நான் வேலைக்குப் போவேன்."

"போ."

"மத்தியானச் சோத்தை நீங்களே வடிச்சுக்கணும்."

"வடிக்கறேன். கொழம்புகூட வைக்கறேன். நீ செமின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்!"

அவன் சொல்லி முடிக்கவில்லை, அவள் போனை எடுத்துவிட்டாள். துபாய்க்கு இல்லை. "அந்தோணியம்மா அக்காவா? திங்கக்கெழமையிலேர்ந்து வர்றேங்கா. ஆமா, அவரே சொல்லிட்டாரு. வேணும்னா பேசுங்க." போன் முஜீப் காதில் ஒட்டப்பட்டது. அவன் அந்தோணியம்மாளுக்கும் ஒருமுறை சத்தியம் செய்துகொடுத்தான்.

தாஹா வந்து இறங்கிய அன்று முஜீப் மண்டிக்கு லீவு போட்டிருந்தான். ராத்திரி பூரா தூக்கமில்லை. தாஹா மறந்திருந்தால்? கடைக்காரன் மாற்ற முடியாது என்றிருந்தால்? கூடத்தின் நடுவில் நீளப் பெட்டி. தாஹா பிளாஸ்டிக் பட்டையை வெட்டினான். முஜீப் கண்ணை மூடிக்கொண்டான். கையை உள்ளே விட்டு, கிட்டாரின் ஓரத்தைத் தட்டினான். தொம். காலி. நடுவில் தட்டினான்.

டக்.

கட்டை! நடுவில் கட்டை! முஜீப் அதைக் குழந்தையைப் போல வாரி எடுத்தான். குழு போகாது, மேடை போகாது, வைகாசி போகாது. நெஞ்சிலிருந்து ஒரு உப்பு மூட்டை இறங்கியது. மச்சினனைக் கட்டிக்கொண்டான்.

"நல்ல வேளை தாஹா! அக்கா சொன்ன ஒடனே ஓடிப்போய் மாத்திட்டே!"

"மாத்தறதா?" தாஹா சாக்லெட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வெள்ளந்தியாகச் சொன்னான். "நான் எங்க மச்சான் மாத்தினேன்? மொத வெள்ளிக்கெழமையே, நீங்க போனை வச்ச கொஞ்ச நேரத்துல அக்கா மிஸ்டு கால் குடுத்தாங்க. திருப்பிக் கூப்ட்டா, 'அல்வா இல்ல, கிட்டாருன்னு எனக்குத் தெரியும். அவரு எப்பவும் ஸ்பீக்கர் பக்கத்துலதாண்டா நிப்பாரு, ஊளை உடாததா பாத்து வாங்கு'ன்னாங்க. கடைக்காரன் செமியைக் குடுத்தான். அன்னிக்கே வாங்கிட்டேனே. மச்சான் மாத்தச் சொன்னா என்கிட்ட அனுப்புன்னும் சொல்லி வச்சாங்க."

முஜீப் மெல்லத் திரும்பினான். ஆஸிஃபா புர்காவை மாட்டிக்கொண்டு, தோளில் பையுடன், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப... என்கிட்ட சத்தியம் வாங்கினது?"

"நான் எங்க வாங்கினேன்? நீங்கதான் குடுத்துக்கினே இருந்தீங்க."

முஜீபுக்குக் கோபம் வர வேண்டும். கையில் கிட்டாரை வைத்துக்கொண்டு கோபப்படுவது கஷ்டமாக இருந்தது. ஒரு கம்பியை மீட்டிப் பார்த்தான். சின்னதாக, சுத்தமாக ஒரு சத்தம். எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. ஆஸிஃபா வாசலைத் தாண்டி, நின்று, திரும்பினாள்.

"ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டு வடிங்க. இவன் துபாய்ல நம்ம வூட்டுச் சோத்துக்கு ஏங்கிப்போய் வந்திருக்கான்."