சினைக்கு ஆதாரம்

மீன்கள் கூட்டம் கூடுவதில் மீன்வளத் துறைக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. முறைப்படி தெரிவிக்காமல் கூடுவதில்தான் மனவருத்தம். அந்த ஆண்டும் அவை தெரிவிக்கவில்லை. அவை கூடும் இடத்தைக் கண்டுபிடிக்க நாய்படாத பாடு பட்ட துறையின் ஆய்வாளர்தான் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட இயக்குநரிடம் ஓடிவந்தாள்.

"சார், முகத்துவாரம் முழுக்க மீன். முட்டையிடத்தான் கூடியிருக்கு. இட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் வலை போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுடுங்க. இல்லேன்னா இந்த இனமே மிஞ்சாது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முட்டையிடத்தான்னு அதுங்க சொல்லிச்சா?"

"அதெப்படி சார் சொல்லும்?"

"அப்போ ஆதாரம் வேணும். மாதிரிக்கு ஒரு கூடை பிடிச்சு வயித்தைக் கீறிப் பாருங்க."

கீறினார்கள். சினை இருந்தது. மேற்படி ஆதாரம் அன்று மாலையே இயக்குநர் வீட்டு அடுப்பில் மேலாய்வுக்கு உட்படுத்தப்பட்டது.

தலைமை அலுவலகம் திருப்தியடையவில்லை. ஒரு கூடை தற்செயலாக இருக்கலாம் என்று கருதி நாலு கூடை கேட்டது. சட்டப் பிரிவு, இன்னும் பெரிய மீனாக அனுப்பினால் சந்தேகம் தீரும் என்றது. நிதிப் பிரிவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் தனக்கு மட்டும் மாதிரி வராதது அவமானமாகப் பட்டது. அதுவரை துறையை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருந்த படகுக்காரர்களும் 'அரசு மாதிரி' என்று அட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஊரே சந்தையில் முண்டியடித்து மாதிரி வாங்கியது.

ஆய்வாளருக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மாமியார் வேறு, "உன்னால ஊரே மீன் திங்குது, நம்ம வீட்டுக்கு மட்டும் ஆகாதாம்மா?" என்று பிடுங்கினாள். தொல்லை தாங்காமல் அவளும் ஒரு பை மீன் கொண்டுவந்தாள். ருசி நன்றாகத்தான் இருந்தது.

ஒருவழியாக உத்தரவு வந்தது, ஒரு நிபந்தனையோடு: மீன்கள் இன்னமும் கூடியிருப்பதற்குச் சான்றாக ஒரு மீனை அனுப்பி வைக்க வேண்டும். அவள் நாள் முழுக்கப் படகில் சுற்றினாள்.

"கடல்ல ஒண்ணுகூட இல்ல சார்."

"சந்தையில?"

"அங்கயும் தீர்ந்துபோச்சு."

"அப்போ உத்தரவு செல்லாதே! இத்தனை பேர் உழைப்பும் பாழா?" இயக்குநர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஏதாவது..."

அவள் தலை குனிந்தபடி வீட்டுக்குப் போய் எடுத்துவந்தாள்.

விறைத்துக் கிடந்த அந்த ஒற்றை மீனின் பலத்தில் முகத்துவாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. விழாவுக்கு ஊரே கரையில் கூடியது. எதற்குக் கூடினார்கள் என்று யார் வயிற்றையும் யாரும் கீறிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், முகத்துவாரத்து மீன் அவ்வளவும் அங்கேயே கிடைத்திருக்கும்.